வெர்னாட்சாவுக்கு டிக்கெட், திருமயத்துக்கு டிப்பர்

புதுக்கோட்டைக்கும் இத்தாலிக்கும் உள்ள பழக்கம் நேற்று வந்ததல்ல. ஆலங்குடிப் பக்கம் கருக்காக்குறிச்சியில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் மண்ணுக்குள்ளிருந்து ரோமானியத் தங்கக் காசுகள் கிடைத்தன. எண்ணிப் பார்த்தால் 501. அகஸ்டஸ், திபேரியஸ், நீரோ என்று பேரரசர்கள் வரிசையாக வந்து வெஸ்பாசியனில் முடிந்தார்கள். பிரிட்டிஷ் மியூசியத்தின் நாணய அறிஞர் ஜி.எஃப். ஹில் 1898ல் அதைப் பற்றிக் கட்டுரையே எழுதினார். பெரும்பாலான காசுகளில் ஒரு விசேஷம்: அரசர் தலையின் குறுக்கே ஒரு வெட்டு. தங்கம் சுத்தமா என்று பார்க்க வெட்டியிருக்கலாம், மறுபடி செலாவணிக்குப் போகாமலிருக்க வெட்டியிருக்கலாம் என்று ஆய்வாளர்கள் வாதிடுகிறார்கள். என் கட்சி வேறு. காசில் இருப்பது ரோமாபுரிச் சக்கரவர்த்தியே ஆனாலும், மூஞ்சியைக் கீறிப் பார்க்காமல் பெட்டியில் போடமாட்டோம் என்ற ஒரு திமிர் அப்போது இந்த மண்ணில் இருந்திருக்கிறது.

அந்தத் திமிர் மலையேறிவிட்டது. தங்கம் போகும் திசையும் திரும்பிவிட்டது. "பத்து நாள், ஏழு நாடு, மூணு வேளையும் நம்ம ஊர்ச் சாப்பாடு" என்ற விளம்பரத்தைப் பார்த்து மாவட்டத்துப் பெரிய மனிதர்கள் குடும்பம் குடும்பமாக ஐரோப்பா கிளம்புகிறார்கள். ரோமில் ஒரு நாள், வெனிஸில் ஒரு நாள், போகிற வழியில் அரை நாள் சிங்க்வே தெர்ரே.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். இத்தாலியின் லிகூரியக் கடலோரத்தில், செங்குத்தான மலைச்சரிவைப் பிடித்துத் தொங்கும் ஐந்து ஊர்கள்: மோந்தெரோஸ்ஸோ, வெர்னாட்சா, கோர்னீலியா, மனரோலா, ரியோமஜோரே. ஐந்தையும் கூட்டினாலும் ஜனத்தொகை நாலாயிரம் தேறாது. முகூர்த்த நாளில் அறந்தாங்கி பஸ் ஸ்டாண்டில் அதைவிடக் கூட்டம் நிற்கும். மஞ்சளும் காவியும் ரோஸுமாக வீடுகள், கீழே நீலக் கடல், மேலே வானம் வரைக்கும் படிப்படியாகத் திராட்சைத் தோட்டம். 1997ல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. 1999ல் இத்தாலி அரசு தேசியப் பூங்காவாக்கியது. வருஷா வருஷம் லட்சக்கணக்கில் உலகம் அங்கே வந்து இறங்குகிறது. நம் ஆட்களும் இறங்குகிறார்கள், போட்டோ எடுக்கிறார்கள், வாட்ஸப்பில் போடுகிறார்கள், ரயிலேறுகிறார்கள்.

அதோடு விட்டால் பரவாயில்லை. திரும்பி வந்து கல்யாண மண்டபத்துப் பந்தியில் நமக்குப் பாடம் எடுக்கிறார்கள்.

"மாப்ள, குப்பைன்னு ஒண்ணைக் கண்ணால பாக்கலடா."

"தண்ணிய தெருக்கொழாயில அப்படியே புடிச்சுக் குடிக்கலாம், தெரியுமா?"

"சனங்க என்ன ஒழுங்கு! நம்ம ஆளுகளுக்கு அது வராதுப்பா. ரத்தத்துலயே இல்ல."

சொல்லிக்கொண்டிருக்கும்போதே கையிலிருந்த பிளாஸ்டிக் பாட்டில் காலியாகி மேசைக்கு அடியில் போகிறது.

குப்பையை விடுங்கள். அந்தத் தண்ணீர்ப் பேச்சை மட்டும் என்னால் சும்மா கேட்டுக்கொண்டு இலையில் கை வைக்க முடிவதில்லை. 2022 டிசம்பர் கடைசியில் இதே புதுக்கோட்டை மாவட்டத்து வேங்கைவயலில், பட்டியல் சாதி மக்கள் குடிக்கும் மேல்நிலைத் தொட்டியில் மலம் கிடந்தது. பிள்ளைகள் உடம்புக்கு முடியாமல் படுத்த பிறகுதான் விஷயமே தெரிந்தது. அப்புறம் சி.பி.சி.ஐ.டி. வந்தது, டி.என்.ஏ. சோதனை வந்தது, ஒரு நபர் ஆணையம் வந்தது. இரண்டு வருஷம் கழித்து 2025 ஜனவரியில் குற்றப்பத்திரிகை வந்தது. அதில் இருந்த மூன்று பெயர்களும் அதே ஊர்ப் பட்டியல் சாதிக்காரர்களுடையவை. குடித்தவனும் அவனே, கலக்கியவனும் அவனே, கைகட்டி நிற்க வேண்டியவனும் அவனே என்று கணக்கை நேர் செய்து கொடுத்துவிட்டார்கள். ஊர் அதை ஏற்கவில்லை. பந்தியில் இத்தாலித் தெருக்குழாயைப் புகழ்ந்த பெரியவருக்கு இதில் எந்தக் கருத்தும் இல்லை. அவருக்கு வேங்கைவயல் எந்தப் பக்கம் இருக்கிறது என்றே தெரியாது. வெர்னாட்சாவுக்கு லா ஸ்பெத்சியாவில் ரயில் மாற வேண்டும் என்பது தெரியும்.

அரை நாளில் அவர் அங்கே பார்த்தது என்ன? வண்ணம் பார்த்தார், கடல் பார்த்தார். அந்த ஊரைத் தாங்கிக்கொண்டிருப்பது எது என்று மட்டும் பார்க்கவில்லை.

தாங்குவது கல். வெறும் கல். அந்த மலைச்சரிவில் திராட்சை தானாக முளைக்கவில்லை. ஆயிரம் ஆண்டுகளாக அங்கிருந்த குடியானவர்கள் மலையைப் பெயர்த்து, அந்தக் கல்லையே ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிச் சுவராக்கி, பின்னால் மண்ணைக் கொட்டி, ஒரு கொடி நடுகிற அகலத்துக்கு ஒவ்வொரு பாத்தியாக உண்டாக்கினார்கள். சுண்ணாம்பும் இல்லை, சிமென்ட்டும் இல்லை. மழைத் தண்ணீர் கல்லிடுக்கு வழியே வடிய வேண்டும், மண் மட்டும் நிற்க வேண்டும்; அதுதான் வித்தை. அறுப்புக் காலத்தில் பெண்கள் கூடைகூடையாகத் திராட்சையைத் தலையில் சுமந்து இறங்கினார்கள். இப்போது ஒற்றைத் தண்டவாளத்தில் ஓடும் குட்டி வண்டி கொஞ்சம் சுமக்கிறது. அந்தச் சுவர்களை எல்லாம் நீட்டி வைத்தால் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் வரும். ஒவ்வொரு மழைக்காலத்திலும் எங்காவது சரியும். சரிந்ததை மறுபடி அடுக்க வேண்டும். இதுதான் சிங்க்வே தெர்ரே. மற்றதெல்லாம் பெயின்ட்.

இத்தாலிக்காரன் யோக்கியன் என்று நான் சாட்சி சொல்ல வரவில்லை. அவனுடைய பிள்ளைகளும் கல் சுமக்க மாட்டேன் என்று பட்டணத்துக்கு ஓடினார்கள். படித்தோட்டத்தில் பெரும்பகுதி புதர் மண்டியது. கட்டியவன் போனால் சுவர் சும்மா இருக்குமா? 2011 அக்டோபர் 25ஆம் தேதி கொட்டிய மழையில் மலை இறங்கி வந்தது. வெர்னாட்சாவிலும் மோந்தெரோஸ்ஸோவிலும் வீதி முழுக்கச் சேறு, முதல் மாடி வரைக்கும். உயிர்களும் போயின. அவர்களுடைய அரசாங்கமும் நம்முடையதுக்குத் தம்பி முறைதான். ரியோமஜோரேயையும் மனரோலாவையும் இணைக்கும் 'காதல் பாதை'யில் 2012ல் பாறை விழுந்து சுற்றுலாப் பயணிகளுக்கு அடிபட்டது. ஒரு கிலோமீட்டர்கூட இல்லாத பாதை. முழுசாகத் திறக்க 2024 ஆயிற்று. நம் பொதுப்பணித் துறை கேட்டால் கண்ணீர் விட்டுக் கட்டிக்கொள்ளும்.

ஆனால் ஒன்று செய்தார்கள். சேற்றை வாரியதும் சுவரைத் திரும்பிப் பார்த்தார்கள். ரிச்சர்டு ரோஜர்ஸ் போன்ற உலகப் பெயர் பெற்ற கட்டடக் கலைஞர் காசு வாங்காமல் வெர்னாட்சா வீதிக்கு வரைபடம் போட்டுக் கொடுத்தார். மனரோலாவில் ஐரோப்பிய ஒன்றியத்தின் பணத்தில் வேலையில்லாதவர்களையும் அகதிகளையும் கூப்பிட்டுக் கல் அடுக்கப் பயிற்சி கொடுத்தார்கள். 2018ல் சாந்தில்லாமல் கல் அடுக்கும் கலையையே யுனெஸ்கோ மரபுரிமையாக அறிவித்தது. 2019ல், ரப்பர் செருப்போடு மலைப்பாதையில் ஏறுகிற பயணிக்கு 50 யூரோவிலிருந்து 2,500 யூரோ வரை அபராதம் என்று எச்சரித்தார்கள். ஆமாம், செருப்புக்கு. மலையே பெயர்ந்து போனாலும் மாமூல் வரவில்லை என்றுதான் நோட்டீஸ் விடும் ஊரிலிருந்து போனவர்களுக்கு இது வேடிக்கையாகத்தான் இருந்திருக்கும்.

இனி நம் கல்லுக்கு வருவோம்.

கடலிலிருந்து கொஞ்சம் உள்ளே வந்தால் ஆவுடையார்கோயில், அதாவது திருப்பெருந்துறை. அங்கே கல்லை மரமாக்கி வைத்திருக்கிறார்கள். கொடுங்கையை அண்ணாந்து பார்த்தால் வரிச்சட்டமும் குமிழ் ஆணியும் தெரியும். எல்லாம் ஒரே கல்லில் செதுக்கியது. பழைய ஸ்தபதிகள் கோயில் வேலைக்கு ஒப்பந்தம் எழுதும்போது, 'ஆவுடையார்கோயில் கொடுங்கை போன்றவை நீங்கலாக' மற்ற எதையும் செய்து தருகிறோம் என்று எழுதுவார்களாம். தன் தொழிலில் தன்னால் முடியாதது எது என்று தெரிந்து, அதை எழுத்தில் கொடுத்து, பிறகு வேலையை எடுத்த ஒப்பந்ததாரர்கள். அந்த இனம் அழிந்துபோனதற்கு எந்தக் கட்சியும் அஞ்சலிக் கூட்டம் நடத்தவில்லை.

அந்தக் கோயில் எழும்பிய கதையும் நம் ஆட்கள் படிக்க வேண்டியது. பாண்டியனின் அமைச்சர் வாதவூரர், அரசுக் கஜானாப் பணத்தோடு குதிரை வாங்கப் பெருந்துறைக்கு வந்தார். குரு கிடைத்தார், குதிரைப் பணம் கோயிலாயிற்று. அரசன் கணக்குக் கேட்டபோது சிவனே நரிகளைப் பரிகளாக்கி ஓட்டிக்கொண்டு போய் நிறுத்தினார் என்கிறது புராணம். நரியைப் பரியாக்கிக் கணக்குக் காட்டும் வித்தை அதற்குப் பிறகு நம் மாவட்டத்தில் ஒருநாளும் நின்றதில்லை. இப்போது அளவுப் புத்தகத்தில் பொறியாளரே அதைச் செய்துவிடுகிறார், சிவனைத் தொந்தரவு செய்வதில்லை. வித்தியாசம் ஒன்றுதான்: பணமும் போகிறது, குதிரையும் வரவில்லை, கோயிலும் எழும்பவில்லை.

அந்தக் கோயிலில் லிங்கம் கிடையாது, வெறும் ஆவுடை. சாமிக்குப் படைப்பதும் புழுங்கலரிசிச் சோற்றின் ஆவி மட்டும். சோற்றைக் கொட்டுவார்கள், ஆவி மேலே போகும், அவ்வளவுதான் நைவேத்தியம். புதுக்கோட்டைக்கு வரும் திட்டங்களும் இந்த ஆகமப்படியே படைக்கப்படுகின்றன. ஆவி நமக்கு. சோறு எங்கே போகிறது என்று கேட்டால் தெய்வக் குற்றம்.

சித்தன்னவாசல், நார்த்தாமலை, குடுமியான்மலை, திருமயம். நம் முன்னோர் பாறையைப் பார்த்தால் குடைந்தார்கள், தீட்டினார்கள், குடுமியான்மலையில் சங்கீதத்தையே கல்வெட்டாக வெட்டினார்கள். நமக்குப் பாறையைப் பார்த்தால் ஒரே ஒரு எண்ணம்தான் வருகிறது: எத்தனை யூனிட் தேறும்? குவாரி, கிரஷர், ஜல்லி, எம்-சாண்ட். ஒரு நடைச்சீட்டில் எத்தனை நடை ஓடும் என்பதுதான் இந்த மாவட்டத்தின் உயர்கணிதம். அனுமதி ஐந்து ஏக்கருக்கு என்றால் பள்ளம் பக்கத்து ஏக்கரையும் விசாரித்துவிட்டு வரும்.

இதைக் கேள்வி கேட்ட ஒருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். திருமயம் பக்கம் வெங்களூர் ஜகபர் அலி. அ.தி.மு.க. நிர்வாகி, முன்னாள் ஒன்றியக் கவுன்சிலர். துளையானூர் பக்கத்தில் அளவு மீறிக் கல் வெட்டுகிறார்கள் என்று மனு மேல் மனு போட்டவர். மனுவுக்குப் பதில் வந்தது, ஆனால் ஆபீசிலிருந்து இல்லை. 2025 ஜனவரி 17, வெள்ளிக்கிழமைத் தொழுகை முடித்து இருசக்கர வண்டியில் திரும்பிக்கொண்டிருந்தவர் மேல் டிப்பர் லாரி மோதியது. முதலில் விபத்து என்றார்கள். மனைவி புகார் கொடுத்த பிறகு கொலை வழக்கானது. குவாரி நடத்தியவர்கள் உட்பட ஐந்து பேர் கைதானார்கள். வழக்கு சி.பி.சி.ஐ.டி.க்குப் போனது. உயர்நீதிமன்றம் சொன்ன பிறகு, புதைத்த உடலைத் தோண்டியெடுத்து எக்ஸ்ரே எடுத்தார்கள். குவாரியை முறையாக அளக்க அதிகாரிகள் போனதும் அவர் செத்த பிறகுதான்.

மனுதாரர் உயிரோடு இருந்தவரை அளவு நாடா கிடைக்கவில்லை. செத்த பிறகு எக்ஸ்ரே மெஷினே கிடைத்தது. இறந்தவனின் எலும்பை அளக்கத் தெரிந்த அரசாங்கத்துக்கு, ஊரே பார்க்கிற ஒரு பள்ளத்தை அளக்கத் தெரியாமல் போனது எப்படி என்று யாராவது ஒரு அமைச்சர் சட்டமன்றத்தில் எழுந்து சொல்லட்டும். ஆளுங்கட்சி, எதிர்க்கட்சி என்று நான் பிரிக்கவில்லை. ஆட்சி மாறும்போது குவாரியில் பலகைதான் மாறுகிறது, வெடி மாறுவதில்லை.

இப்போது பந்திக்குத் திரும்புங்கள். அங்கே உட்கார்ந்து "மலையை எப்படி வச்சிருக்கான் பாத்தியா!" என்று வியக்கிறவரின் இத்தாலி டிக்கெட் எந்தக் காசில் வந்தது? எல்லாருடையதும் என்று சொல்லவில்லை. நகைக்கடைக்காரரும் டாக்டரும் கொத்தனார் வேலையில் சிங்கப்பூர் போய்ச் சேர்த்தவரும் போகிறார்கள், அவர்கள் பாட்டுக்குப் போய் வரட்டும். ஆனால் குவாரியில் ஒரு பங்கு, கிரஷரில் ஒரு பங்கு, ரோடு ஒப்பந்தத்தில் ஒரு பங்கு என்று வாழ்கிற ஆட்களும் அந்த விமானத்தில் இருக்கிறார்கள். மலையை விற்ற காசில் மலை பார்க்கப் போகிறவர்கள். அவர்கள் மனரோலாக் கல்சுவருக்கு முன்னால் நின்று பல்லைக் காட்டுகிற போட்டோவைப் பார்க்கும்போது எனக்கு ஒரே ஒரு கவலைதான்: இந்த மனுஷன் மனசுக்குள் அதை யூனிட் கணக்கில் போட்டுக்கொண்டிருக்கக்கூடாதே.

படித்தோட்டம் நம்மிடம் இல்லையே என்று கேட்பார்கள். சமதரையில் படி எதற்கு? அந்த வேலையை இங்கே கண்மாய் செய்தது. மழையைத் தவிர வேறு நாதியில்லாத இந்தப் பொட்டல் மண்ணில் 5,000க்கு மேல் கண்மாய்கள். மேல்கண்மாய் நிறைந்து கலுங்கு வழிந்தால் அடுத்த கண்மாய், அது நிறைந்தால் அதற்கடுத்தது என்று சரிவைப் பார்த்துக் கோத்துவைத்த வேலை. மலையில் மண்ணை நிறுத்தியவனும் பொட்டலில் தண்ணீரை நிறுத்தியவனும் ஒரே பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள். நம் கண்மாய்க் குமிழித் தூண்களில் செய்து கொடுத்தவன் பெயரோடு கல்வெட்டுகூட உண்டு. யுனெஸ்கோ வராததால் அதற்கு டிக்கெட் போட முடியவில்லை.

அந்தக் கண்மாய்களுக்குத் தண்ணீர் காட்டிலிருந்து வர வேண்டும். காட்டை வனத்தோட்டக் கழகம் எடுத்துக்கொண்டு தைல மரத்தை நட்டது. அரை நூற்றாண்டாகக் காகிதத்துக்காகத் தைல மரம். நிலத்தடித் தண்ணீரை அது குடிக்கிறது என்று விவசாயி கத்துகிறான். அதுபோதாதென்று பெய்கிற மழையும் தோட்டத்தைவிட்டு வெளியே போகாதபடி சுற்றிலும் வரப்பு வெட்டி வைக்கிறார்கள் என்றும் கத்துகிறான். மனு கொடுத்தான், மறியல் செய்தான், நீதிமன்றப் படியேறினான். அந்த மனுக்களையும் தைல மரக் காகிதத்தில்தான் எழுத வேண்டியிருந்தது.

வெர்னாட்சாவுக்கு ஒரு 2011 என்றால் நமக்கு 2018 நவம்பர் 16. கஜா புயல். கீரமங்கலம், வடகாடு, கொத்தமங்கலம் பக்கம் தென்னையும் பலாவுமாக ஒரு தலைமுறையின் சேமிப்பு ஒரே ராத்திரியில் படுத்துவிட்டது. அரசு தென்னைக்கு விலை சொன்னது: மரம் ஒன்றுக்கு 1,100 ரூபாய். அதில் 600 இழப்பீடு. மிச்சம் 500 விழுந்ததை வெட்டி அப்புறப்படுத்தும் கூலி. கொத்தமங்கலத்தில் சோறும் தண்ணியும் கேட்டு ஜனம் ரோட்டை மறித்தது. அரசு வாகனங்கள் எரிந்தன. உடனே அரசு சுறுசுறுப்பானது. நிவாரண லாரி வராத தெருவுக்கெல்லாம் போலீஸ் வேன் வந்து சேர்ந்தது. அங்கே கட்டடக் கலைஞர் வரைபடத்தோடு வந்தார். இங்கே சப்-இன்ஸ்பெக்டர் பெயர்ப் பட்டியலோடு வந்தார்.

மறுபடி அந்த மலைச்சரிவுக்கு வருவோம். திராட்சை என்றதும் சரக்கு ஞாபகம் வராமல் இருக்குமா? அந்தப் படித்தோட்டத்துத் திராட்சையைக் காயவைத்துப் பிழிந்து 'ஷாக்கெத்ரா' என்று ஒரு இனிப்பு ஒயின் செய்கிறார்கள். சின்னக் குப்பி, பெரிய விலை. அந்த மண்ணின் பெயரில் வேறு எவனும் விற்கக்கூடாது என்று சட்டப் பாதுகாப்பு உண்டு. நம் குடும்பஸ்தர்கள் அதை ஒரு விரலால் தூக்கி, மோந்து, "கல்ச்சர்ப்பா" என்கிறார்கள். அதே குடும்பஸ்தர் ஊரில் பனையேறி பானையோடு பிடிபட்டால் "போடுங்கய்யா உள்ளே" என்பார். தமிழ்நாட்டில் 1987 தொடக்கத்திலிருந்து கள்ளுக்குத் தடை. மணமேல்குடிக் கரையில் மரத்தில் சுரப்பது குற்றம். ஆலையில் சாராயத்தைக் கலந்து மூடி போட்டால் அரசு வருமானம். 2024-25ல் டாஸ்மாக்கால் அரசுக்கு வந்தது 48,344 கோடி ரூபாய். இத்தாலி அரசு குடியானவன் பிழிந்ததைக் காப்பாற்றுகிறது. நம் அரசு குடியானவனையே பிழிகிறது. பனையை மாநில மரம் என்று அறிவித்திருக்கிறோம், ஏறாமல் கும்பிடலாம்.

கடைசியாகக் கடல். அதற்குத்தானே இவ்வளவு தூரம் போனார்கள்.

மோந்தெரோஸ்ஸோவின் நெத்திலி உலகப் பிரசித்தம். உப்பில் அடுக்கி, எண்ணெயில் போட்டு, எலுமிச்சை பிழிந்து தட்டில் வைப்பார்கள். நம் ஆட்கள் யூரோ கொடுத்து அதை ருசித்துவிட்டு வருகிறார்கள். ஜெகதாப்பட்டினத்தில் கார் நுழைந்தால் மட்டும் கருவாட்டு வாடைக்கு ஜன்னலை ஏற்றிவிடுகிறார்கள். அந்த ஐந்து ஊர்க் கடலும் 1997 முதல் பாதுகாக்கப்பட்ட கடல். அங்கே இழுவை மடிக்கு இடமில்லை.

நம் பாக் நீரிணையின் கதை அப்படியில்லை. இதில் நம் பக்கத்துக்கு மட்டும் வக்காலத்து வாங்க எனக்கு மனமில்லை. கோட்டைப்பட்டினத்திலும் ஜெகதாப்பட்டினத்திலும் இருந்து போகும் விசைப்படகுகளின் மடி, கடலின் அடித்தரையைச் சுரண்டிக்கொண்டு போகிறது. எல்லைக்கு அந்தப் பக்கம் வலை அறுபட்டு நிற்கிற யாழ்ப்பாணத்து மீனவனும் தமிழன்தான். இலங்கை 2017ல் இழுவை மடியைச் சட்டம் போட்டுத் தடுத்தது. அதே 2017ல் இந்தியா, 2,000 இழுவைப் படகுகளை ஆழ்கடல் சூரைப் படகுகளாக மாற்றிக் காட்டுகிறோம் என்று பாக் நீரிணைத் திட்டம் ஒன்றை அறிவித்தது. இலக்கின் பக்கத்தில்கூட அது போகவில்லை. ஆவி வந்தது.

அதனால் படகு பழைய வழியிலேயே போகிறது. 2021 ஜனவரியில் கோட்டைப்பட்டினத்திலிருந்து போன படகு இலங்கைக் கடற்படைக் கலத்தோடு மோதி மூழ்கியது. நான்கு பேர் பிணமாக வந்தார்கள். அதில் ஒருவர் மண்டபம் முகாமில் இருந்த இலங்கைத் தமிழ் அகதி. அந்த நாட்டிலிருந்து உயிர் பிழைக்க ஓடிவந்தவர், அதே கடலில் அந்த நாட்டுக் கப்பல்முன் செத்தார். அக்டோபரில் மறுபடி ஒரு கோட்டைப்பட்டினம் படகு, மறுபடி ஒரு சாவு. தலைநகரங்கள் இரண்டும் கவலை தெரிவித்தன. 2022 பிப்ரவரியில் இலங்கை, தான் பிடித்துவைத்திருந்த நூற்றுக்கு மேற்பட்ட தமிழகப் படகுகளைத் துறைமுகம் துறைமுகமாக வைத்து ஏலம் போட்டது. கடன் வாங்கிக் கட்டிய படகை விறகு விலைக்கு ஏலம் விடுகிற செய்தியை இங்கே பெண்கள் டி.வி.யில் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

வெர்னாட்சாத் துறையில் கரையேற்றி வைத்த கலர்ப் படகுகளுக்கு முன்னால் நின்று நீங்கள் போட்டோ எடுத்தீர்கள் அல்லவா? நல்லாயிருந்தது.

மீமிசல் பக்கம் முத்துக்குடாவில் அலையாத்திக் காட்டைக் காட்டச் சுற்றுலாத் துறை கிளம்பியிருப்பது நல்ல காரியம்தான். மணமேல்குடி, குலச்சிறை நாயனார் பிறந்த ஊர். அதையும் ஒரு பலகையில் எழுதுவார்கள். பலகை வைப்பதில் நம்மை மிஞ்ச ஆளில்லை. நாளைக்கே யாராவது எழுந்து 'புதுக்கோட்டைக் கடலோரத்தை இன்னொரு சிங்க்வே தெர்ரே ஆக்குவோம்' என்று அறிவிப்பார். அதிகாரிகள் பத்துப் பேர் இத்தாலிக்குப் படிப்புப் பயணம் போவார்கள். திரும்பி வந்து மீனவர் காலனிச் சுவர்களுக்கு மஞ்சளும் ரோஸும் அடிக்க டெண்டர் விடுவார்கள். டெண்டர் எடுத்தவர், வீதிக்குக் கல் பாவ, திருமயத்திலிருந்து ஜல்லி இறக்குவார்.

பெரியவரே, அடுத்த வருஷமும் போவீர்கள். போங்கள், உங்கள் காசு. ஒரே ஒரு வேலை மட்டும் செய்துவிட்டு வாருங்கள். மனரோலாவில் படியேறிக் கொஞ்சம் மேலே போனால், சரிந்த சுவரை யாராவது குனிந்து அடுக்கிக்கொண்டிருப்பார்கள். போட்டோ எடுப்பதற்கு முன்னால் அந்த ஆளிடம், ஒரு நாளைக்கு என்ன கூலி, கை நசுங்கினால் யார் பார்ப்பார்கள், மழை பெய்து வேலை நின்றால் வீட்டில் அடுப்பு எரியுமா என்று கேளுங்கள். கேட்டதை வந்து எனக்குச் சொல்ல வேண்டாம். உங்கள் கிரஷரில் மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு ஜல்லி அள்ளுகிறானே வடக்கத்திப் பையன், அவனிடம் சொல்லுங்கள்.